அலுவலகத்துக்கு ஏற்றது டிகாக்‌ஷன்தான்

'பில்டர் காபி வீட்டுக்கு, மெஷின் காபி ஆபீசுக்கு' என்பது நம் ஊரில் யாரும் எதிர்க்கேள்வி கேட்காத தீர்ப்பாகிவிட்டது. சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ புதிதாக ஓர் அலுவலகம் திறக்கிறார்கள் என்றால், மேசை, நாற்காலி, ஏ.சி., பிரிண்டர் வாங்கும் பட்டியலிலேயே பிரீமிக்ஸ் காபி மெஷினும் சேர்ந்துவிடுகிறது. அங்கே உட்கார்ந்து நாளுக்கு இரண்டு மூன்று முறை அதைக் குடிக்கப்போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஏன் பில்டர் வைக்கக் கூடாது என்று யாராவது வாய் திறந்தால் பதில்கள் தயாராக இருக்கின்றன. நேரமாகும். சுத்தமாக இருக்காது. செலவு கூடும். அதற்கென்று ஓர் ஆள் வேண்டும். போதாக்குறைக்கு, ஆளுக்கொரு ருசி, எல்லாரையும் எப்படித் திருப்திப்படுத்துவது?

இந்தப் பதில்களை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்த்தால் ஒன்றும் தேறாது. அதற்கும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: பலர் கூடி வேலை செய்யும் இடத்துக்கு மிகப் பொருத்தமான காபி முறை டிகாக்‌ஷன்தான். தனியாக ஒரே ஒரு கோப்பை போட்டுக் குடிக்கிறவருக்கு வேண்டுமானால் பில்டர் வீண் வேலையாகப் படலாம். முப்பது பேர் குடிக்கும் இடத்தில் அதைவிடச் சுளுவான வழி இல்லை. வீடு, ஆபீஸ் என்று நாம் பிரித்து வைத்திருக்கும் கணக்கு தலைகீழான கணக்கு.

முதலில் அந்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலான அலுவலகங்களில் அதற்குள் காபிக் கொட்டையும் கிடையாது, டிகாக்‌ஷனும் கிடையாது. சர்க்கரை, பால்பொடி, இன்ஸ்டன்ட் காபித்தூள் மூன்றையும் தொழிற்சாலையிலேயே கலந்து அடைத்த பாக்கெட்தான் உள்ளே கொட்டப்படுகிறது. பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு, பதினைந்து கிராம் பொடி விழுகிறது. வெந்நீர் சேர்கிறது. சிறு விசிறி ஒன்று சுழன்று நுரை கிளப்புகிறது. அவ்வளவுதான். உணவுப் பாக்கெட்டில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. உங்கள் பேன்ட்ரியில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரைக்கும் பால் பொருளுக்கும் பின்னால் காபி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். காபி இயந்திரம் என்று நாம் அழைப்பது உண்மையில் இனிப்புப் பால்பொடியைக் கரைத்துத் தரும் இயந்திரம்.

இனி ருசி வாதத்துக்கு வருவோம். அதுதான் எல்லாவற்றிலும் வலுவானது என்று நினைக்கப்படுகிறது. ஓர் அலுவலகத்தில் ஒருவருக்கு ஸ்ட்ராங்காக வேண்டும், ஒருவருக்கு லைட்டாக வேண்டும். ஒருவருக்கு அரைச் சர்க்கரை, ஒருவருக்குச் சர்க்கரையே கூடாது. ஒருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. இத்தனை பேரையும் ஒரு பில்டர் எப்படிச் சமாளிக்கும் என்று கேட்கிறார்கள். டிகாக்‌ஷன் என்றால் என்ன என்பதை மறந்துவிட்ட கேள்வி இது. டிகாக்‌ஷன் என்பது பாதியில் நிறுத்தி வைத்த காபி. தூளிலிருந்து சாறு இறங்குவது வரைதான் பொது வேலை. மீதிப் பாதியை அவரவர் கோப்பையில் அவரவரே முடித்துக்கொள்கிறார்கள். ஸ்ட்ராங் வேண்டியவர் இரண்டு கரண்டி விடுகிறார், லைட் வேண்டியவர் ஒரு கரண்டி. பால் வேண்டாதவர் வெந்நீர் சேர்த்துக் கறுப்பாகக் குடிக்கிறார். சர்க்கரை டப்பா பக்கத்தில் இருக்கிறது, தொடுவதும் தொடாததும் அவர் இஷ்டம். ஒரே பாத்திரத்திலிருந்து முப்பது விதமான காபி. காபி, பால், சர்க்கரை மூன்றும் கடைசி நொடி வரை தனித்தனியாக நிற்பதால்தான் இது நடக்கிறது.

பிரீமிக்ஸ் இதற்கு நேர் எதிர். அந்த மூன்றையும் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் முடிவு செய்த விகிதத்தில் பிரிக்க முடியாதபடி கலந்து அனுப்புகிறது. மெஷினில் நான்கு பொத்தான்கள் இருப்பதைப் பார்த்து நமக்கு நான்கு தேர்வுகள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். பால்பொடியைக் கழித்துவிட்டுக் காபியைக் கூட்டு என்று சொல்ல அதில் பொத்தான் இல்லை. ஸ்ட்ராங் என்ற பொத்தானை அழுத்தினாலும் காபியோடு சர்க்கரையும் சேர்ந்தேதான் கூடுகிறது, ஏனென்றால் விழுவது அதே கலவைதான்.

இது வெறும் நாக்கு சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. அப்படியென்றால் முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் இரண்டு மூன்று பேராவது சர்க்கரை நோயாளிகளாக இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதே நியாயம். ஒருவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த ஆலோசனை. பதினான்கு கிராம் பொடியில் பாதி சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் ஒரு கோப்பைக்கு ஏழு கிராம். காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று என்று மூன்று கோப்பையிலேயே 21 கிராம் உள்ளே போய்விடுகிறது. சாப்பாட்டுக்கு, பழச்சாற்றுக்கு, பிறந்தநாள் கேக்குக்கு எவ்வளவு மிச்சம்? சர்க்கரை சேர்க்காத பிரீமிக்ஸும் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே டப்பா என்பதால் பெரும்பாலான இடங்களில் உள்ளே போவது இனிப்புள்ளதுதான். சர்க்கரை வேண்டாதவர் 'எனக்கு வேண்டாம்பா' என்று ஒதுங்கிக்கொள்கிறார். பொதுவாக வைத்த ஒரு பொருள் சிலரை ஒதுக்குகிறது என்றால் அது பொதுப் பொருளே அல்ல.

அடுத்தது நேரம். பில்டரில் டிகாக்‌ஷன் இறங்க இருபது நிமிடம், அரை மணி ஆகும், அலுவலகத்தில் யார் காத்திருப்பது என்கிறார்கள். டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் அதன் எதிரில் யாரும் நின்றுகொண்டிருப்பதில்லை. தூளைப் போட்டு, மேலே அமுக்கியை வைத்து, வெந்நீரை ஊற்றி மூடுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகு வேலை செய்வது புவியீர்ப்பு. மெஷினில் நடப்பதைக் கணக்குப் போடுங்கள். ஒரு கோப்பைக்கு முப்பது விநாடி என்றாலும் பதினோரு மணிக்கு முப்பது பேர் வந்தால் கடைசி ஆள் பதினைந்து நிமிடம் வரிசையில் நிற்க வேண்டும். மெஷின் ஒருவருக்குத்தான் வேகமானது. கூட்டத்துக்கு அது மெதுவானது, ஏனென்றால் அது ஒவ்வொரு கோப்பையையும் முதலிலிருந்து தொடங்குகிறது. டிகாக்‌ஷன் இறங்கி, பால் பிளாஸ்கில் சூடாக இருந்தால் ஒரே நேரத்தில் நான்கு பேர் கோப்பையை நிரப்பிக்கொள்ளலாம்.

சேர்ந்து குடிக்கும் காபியில் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்பதற்குப் புகழ்பெற்ற ஒரு சாட்சி உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், டிரோஜன் ரூம் என்ற அறையில் ஒரு பொதுவான பில்டர் காபிப் பாத்திரம் இருந்தது. வேறு மாடிகளில் இருந்தவர்கள் படியேறி வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும். 1991இல் அங்கிருந்தவர்கள் பாத்திரத்தின் எதிரே ஒரு கேமராவைப் பொருத்தி, அதன் படம் எல்லாருடைய கணினியிலும் தெரியும்படி செய்தார்கள். 1993இல் அது இணையத்திலும் ஏறியது. உலகின் முதல் வெப்கேமரா என்று இன்று அது அறியப்படுகிறது. 2001 வரை ஓடியது. அந்தக் கணினி அறிஞர்கள் பாத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளுக்கொரு கோப்பை தரும் மெஷினைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காபி போடுவதில் அவர்களுக்குக் கஷ்டம் இல்லை. காபி இருக்கிறதா என்று தெரியாததுதான் கஷ்டம், அதை மட்டும் தீர்த்தார்கள். அவர்களுக்குக் கேமராவும் நிரலும் வேண்டியிருந்தது. நமக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் 'டிகாக்‌ஷன் ரெடி' என்று ஒரு வரி போதும்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெஷின் எந்த நேரமும் தரும் என்பதைப் பெரிய வசதியாகச் சொல்கிறார்கள். அதன் விளைவு, ஆளுக்கொரு நேரத்தில் எழுந்து போய், தனியாகக் குடித்துவிட்டு வருவது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த அலெக்ஸ் பென்ட்லண்ட் ஒரு வங்கியின் அழைப்பு மையத்தில் செய்த ஆய்வை 2012இல் எழுதினார். அங்கே குழுவில் உள்ளவர்களுக்கு வெவ்வேறு நேரத்தில் விடப்பட்டிருந்த காபி இடைவேளையை ஒரே நேரத்துக்கு மாற்றச் சொன்னார். அவ்வளவுதான் மாற்றம். ஒவ்வொரு அழைப்பையும் முடிக்க ஆகும் சராசரி நேரம் குறைந்தது, பின்தங்கியிருந்த குழுக்களில் அது 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. காபி நேரத்தில் பேசிக்கொள்கிறவர்கள் வேலையில் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள். பில்டருக்குக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று நேரம் இருக்கிறது. அது குறை அல்ல. எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுப்பி ஓரிடத்தில் கூட்டும் வேலையை அந்த நேரம்தான் செய்கிறது.

சுத்தம் என்பது மூன்றாவது வாதம். கை படாமல் வருகிறது, ஆகவே சுத்தம் என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அழுக்கு இல்லை என்று நம்புவது எப்படிச் சுத்தமாகும்? பால்பொடியும் வெந்நீரும் கலக்கும் கிண்ணம், நுரை கிளப்பும் விசிறி, வெளிவரும் குழாய், சொட்டு விழும் தட்டு எல்லாவற்றையும் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். எத்தனை இடங்களில் நடக்கிறது? ஸ்பெயினின் வலென்சியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிறு குப்பியில் அடைத்த தூளைப் போட்டு இயக்கும் கேப்சூல் காபி மெஷின்களின் சொட்டுத் தட்டில் சேரும் கழிவை ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். அதில் பலவகை பாக்டீரியாக்கள் குடியிருந்தன. அவை கோப்பைக்குள் இருந்ததாக அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மெஷின் என்பதாலேயே சுத்தம் வந்துவிடாது, அதைக் கழுவ வேண்டும் என்பதுதான் அதன் பொருள். எவர்சில்வர் பில்டருக்கு இரண்டு பாத்திரம், ஓர் அமுக்கி, ஒரு மூடி. ஒளிந்த மூலை கிடையாது. குழாயடியில் கழுவி, வெயிலிலோ வெந்நீரிலோ காட்டி எடுத்தால் தீர்ந்தது. கழுவாமல் விட்டால் துளை அடைத்துக்கொண்டு டிகாக்‌ஷன் இறங்காது. கழுவவில்லை என்பதைப் பாத்திரமே ஊருக்குச் சொல்லிவிடும்.

சுத்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் காகிதக் கோப்பையை ஏன் பார்ப்பதில்லை? அந்தக் காகிதத்தின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரை அதில் ஊற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலக்கின்றன என்று ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்கள் 2020இல் அறிவித்தார்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் உள்ளவை. மெஷினோடு கோப்பையும் ஒன்றாக வந்துவிடுவதால் சட்டம் தடுத்த ஒன்றைத் தினமும் கையில் வாங்குகிறோம். மெஷினில் சொந்த டம்ளரை வைத்துப் பிடிக்க முடியாதா என்றால் முடியும். ஆனால் கோப்பையை அடுக்கிவைத்துப் பழக்கியது யார்? பில்டர் இருக்கும் இடத்தில் டம்ளரும் இருக்கும். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் பெயர் பொறித்துக் கொடுத்தால் பல வருடம் வரும்.

செலவு வாதத்துக்குப் பதில் சொல்ல எளிய கணக்குப் போதும். முப்பது பேருக்கு ஒரு வேளைக் காபிக்குக் கால் கிலோ தூள், ஒன்றரை லிட்டர் வெந்நீர். தூள் குடித்துக்கொண்டது போக ஒரு லிட்டர் டிகாக்‌ஷன் இறங்கும். ஆளுக்கு முப்பது மில்லிக்கு மேல் வரும். பால் மூன்று லிட்டர். அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். பிறகு மெஷின் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் மெஷின் இலவசம் அல்லது சொற்ப வாடகை என்று இருக்கும். அதற்கடுத்த வரியில், மாதம் இத்தனை கிலோ பிரீமிக்ஸ் எங்களிடமே வாங்க வேண்டும் என்று இருக்கும். பராமரிப்பு, மின்சாரம், காகிதக் கோப்பை எல்லாம் தனி. இரண்டு தொகைகளையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு செலவைப் பற்றிப் பேசட்டும். எழுதிப் பார்க்காமல் சொல்வதை ஏற்க முடியாது. விலையைத் தாண்டியும் ஒரு வேறுபாடு இருக்கிறது. காபித்தூளை இந்த வாரம் இந்தக் கடையில் வாங்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வேறு கடை. பிளான்டேஷன், பீபெரி என்ற கொட்டை வகைகள் எந்த அளவில், சிக்கரி எவ்வளவு, சிக்கரி வேண்டவே வேண்டாமா என்பதெல்லாம் வாங்குகிறவர் சொல்கிறபடி நடக்கும். சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், இரண்டின் அளவையும் பாக்கெட்டில் போட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆகவே எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்தே குடிக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் அந்த உரிமை இல்லை.

இனி ஆள். 'அதற்கென்று ஒருவரை வைக்க வேண்டுமே' என்பதைச் சொல்கிறவர்கள் மெஷினுக்கு ஆள் வேண்டாம் என்று நம்புகிறார்கள். பொடியைக் கொட்டுவது யார்? தண்ணீர்க் கேனை மாற்றுவது யார்? சொட்டுத் தட்டைக் கழுவுவது, நிரம்பி வழியும் கோப்பைக் கூடையைக் காலி செய்வது யார்? ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். மெஷின் அவர் வேலையைக் குறைக்கவில்லை. அதைக் கண்ணிலிருந்து மறைத்தது, அதில் இருந்த கைப்பக்குவத்தைப் பிடுங்கிக்கொண்டது. கள்ளிச்சொட்டுப் போல டிகாக்‌ஷன் இறக்கத் தெரிந்தவருக்கு ஓர் அலுவலகத்தில் பெயரும் மதிப்பும் இருந்தது. பொடி கொட்டுகிறவருக்கு அது இல்லை. காபி போடுவதைத் தொழிலாகச் செய்கிறவரை வையுங்கள், தொழில் தெரிந்தவருக்குரிய சம்பளம் கொடுங்கள். ஆள் வைக்க வசதியில்லாத சிறிய இடமென்றால் முறை போட்டுக்கொள்ளுங்கள். அந்த முறைப் பட்டியலில் மேலாளர் பெயரும் இருக்க வேண்டும். 'அவங்க நல்லா காபி போடுவாங்க' என்று சொல்லி அலுவலகத்துப் பெண்கள் தலையில் அதைக் கட்டக் கூடாது. அப்படிக் கட்டுகிற பழக்கம் இருக்கிறது என்பதும், அந்தப் பயத்தினாலேயே பல பெண்கள் மெஷினே மேல் என்று நினைக்கிறார்கள் என்பதும் உண்மை. அந்தப் பயம் நியாயமானது. அதற்கு மருந்து எல்லார் பெயரும் சுழற்சியில் வருகிற பட்டியல். அநியாயத்தைச் செய்தது ஆட்கள், பில்டர் அல்ல.

இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. அதை மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும். பில்டர் காபி ஒரு சாதியின், ஒரு வர்க்கத்தின் பெருமை, மெஷின் அதை உடைத்து எல்லாருக்கும் ஒரே பானத்தைக் கொடுத்தது என்பார்கள். தமிழ்நாட்டில் காபி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணர்களின் அடையாளமாக வளர்ந்ததையும், தேநீர் உழைக்கும் மக்களின் பானமாக நின்றதையும் வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். காபி கிளப்புகளில் யார் எங்கே உட்காரலாம் என்ற கொடுமை இருந்ததை யாரும் மறுக்க முடியாது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரித் திராவிடர் கழகத்தார் மறியல் செய்து சிறை சென்றார்கள். அவர்கள் அழிக்கச் சொன்னது பலகையில் இருந்த சாதியை. காபி குடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. தீண்டாமை தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையாக இருந்தது, அதற்காகத் தேநீரைக் குற்றவாளியாக்க முடியுமா? அதே 1957இல்தான் இன்னொன்றும் நடந்தது. காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது வேலை இழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் துணையோடு கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு, தாங்களே அவற்றை எடுத்து நடத்தினார்கள். இந்தியன் காபி ஹவுஸ் அப்படிப் பிறந்தது. காபி போடுகிறவர்களே முதலாளிகளான வரலாறும் காபிக்கு உண்டு. இன்று சமத்துவத்துக்காக மெஷினைக் காட்டுகிறவர்கள், பல அலுவலகங்களில் மேலதிகாரியின் அறையில் தனியாக ஒரு கேப்சூல் மெஷின் இருப்பதைப் பார்க்க வேண்டும். அலுவலகத்துக்கு ஒரே டிகாக்‌ஷன் என்றால் இயக்குநர் டம்ளரிலும் ஓட்டுநர் டம்ளரிலும் ஒரே சாறுதான் விழும்.

கேப்சூலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரீமிக்ஸ் பிடிக்காதவர்கள் அடுத்ததாக அங்கேதான் போகிறார்கள். ருசியில் அது பிரீமிக்ஸைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஐந்தாறு கிராம் தூளுக்கு ஓர் அலுமினியக் குப்பி அல்லது பிளாஸ்டிக் குப்பி. முப்பது பேர் இரண்டு வேளை குடித்தால் நாளுக்கு அறுபது குப்பிகள் குப்பையில். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம் பொதுப்பணத்தில் வாங்கக் கூடாத பொருள்களில் ஒன்றாகக் கேப்சூல் காபியை 2016இல் சேர்த்தது. அமெரிக்காவில் கே-கப் என்ற குப்பியைக் கண்டுபிடித்தவர் ஜான் சில்வன். அலுவலகங்களுக்கென்றே முதலில் விற்கப்பட்ட பொருள் அது. அதைச் செய்ததற்காகச் சில வேளை வருந்துவதாகவும், தம்மிடம் அந்த மெஷின் இல்லை என்றும் 2015இல் அவரே சொன்னார். டிகாக்‌ஷன் இறக்கிய சக்கையைத் தொட்டிச் செடிக்குப் போடலாம்.

எதிர்த்தரப்பில் இருக்கும் ஒரே ஒரு உண்மையான மருத்துவக் கவலையை மறைக்காமல் சொல்வது என் கடமை. காபியில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. அது ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும். காகித வடிகட்டி அதைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும், உலோகத் துளைகள் அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. இன்ஸ்டன்ட் காபியில் அது மிகக் குறைவு. கொலஸ்ட்ராலுக்கு மருந்து சாப்பிடுகிறவர் தம் பங்கு டிகாக்‌ஷனை ஒரு காகித வடிகட்டியில் ஊற்றி எடுத்துக்கொள்ளலாம். கொட்டையை அரைத்து நொடியில் காபி தரும் விலையுயர்ந்த மெஷின்களும் இந்தக் கவலைக்கு விலக்கல்ல. ஸ்வீடனில் வேலையிடக் காபி மெஷின்களைச் சோதித்த ஆய்வாளர்கள், அவற்றில் பலவும் காகிதத்தில் வடித்த காபியைவிடக் கூடுதல் கஃபெஸ்டாலைத் தருவதாக 2025இல் எழுதினார்கள்.

புதிதாக இப்போது டிகாக்‌ஷனும் பச்சைப்பாலும் தனித்தனியே ஊற்றி வைத்துக் கலந்து தரும் மெஷின்களும் வந்திருக்கின்றன. அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. காபி, பால், சர்க்கரை மூன்றும் தனியாக இருக்க வேண்டும், தூளை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற என் கட்சியை அவையும் ஒப்புக்கொண்டுவிட்டன. ஒப்புக்கொண்ட பின் ஒரு பில்டரும் ஒரு பிளாஸ்கும் செய்கிற வேலைக்கு அத்தனை பணம் ஏன் என்பது மட்டும்தான் கேள்வி.

கேஸ் அடுப்புக்கு அனுமதி இல்லாத கட்டடம் என்றால் மின்கெட்டிலும் இண்டக்‌ஷன் அடுப்பும் போதும். தண்ணீர் கொதித்து அடங்கியதும் தூளின் மேல் சுற்றிலும் ஊற்றுங்கள். தூளை அமுக்கியால் மெதுவாக அழுத்தினால் போதும், இறுக்கினால் இறங்காது. இறங்கிய டிகாக்‌ஷனைத் திரும்பக் கொதிக்க வைக்காதீர்கள், சூடான பால் அதைச் சூடாக்கிக்கொள்ளும். பாலைக் காய்ச்சி நல்ல பிளாஸ்கில் ஊற்றுங்கள், மிஞ்சியதை மாலைக்கு வைக்காதீர்கள். இதற்கு மேல் இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, யார் முடிவு செய்வது என்பது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் உணவகம் வைக்கும்படி அரசு கட்டளையிடலாம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தபோது, அந்த உணவகத்தை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருப்பதற்கும் அதிலேயே வழி செய்தது. சாப்பிடுகிறவருக்குச் சாப்பாட்டில் பேச்சு உண்டு என்பது நம் நாட்டின் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்ட கொள்கை. கணினி முன் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் மட்டும் அந்தப் பேச்சை ஏன் கொள்முதல் துறையிடம் விட்டுக்கொடுக்க வேண்டும்?

உங்கள் அலுவலகத்து மெஷின் ஒப்பந்தம் முடியும் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு முன்பாக ஒரு மாதம், ஒரு பெரிய பில்டரையும் பால் பிளாஸ்கையும் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். செலவை எழுதி வையுங்கள், முறைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள், குடிப்பவர்கள் எல்லாரிடமும், கழுவுகிறவரிடமும் கருத்துக் கேளுங்கள். அந்த மாதத்தின் முடிவில் எல்லாரும் கூடிப் பேசி எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். உங்களைக் கேட்காமல் யாரோ தேர்ந்தெடுத்ததைத் தினமும் குடித்துக்கொண்டிருக்காதீர்கள்.